ஓரத்துல யார் நிக்கிறாங்க?

'க'வுக்கும் 'க்'குக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி தெரியுதா இல்லையான்னு பார்க்கத்தான் போன ஜனவரியில் ரெண்டு ஞாயிற்றுக்கிழமையை ஆவடியில் எங்க வீட்டு மொட்டை மாடியில் செலவழித்தேன். சுவர் முழுக்க பழைய தமிழ் நாளிதழ் ஒட்டி, ட்ரைபாட் போட்டு, கேமராவை வைத்து, ஒரே சுவரை நூறு தடவைக்கு மேல் எடுத்தேன். கீழ் வீட்டு மாமி என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. சரியாத்தான் பார்த்தாங்க.

விஷயம் இதுதான். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் டர்னர். பொங்கல் முடிந்த வாரம் ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்: "பட்டறையை திருமழிசைப் பக்கம் மாத்துறாங்களாம்டா. பழைய லேத்தை வித்துட்டாங்க. மாசக் கடைசியில வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "நீதான் போட்டோ கிளப்ல இருக்கியே, ஒரு போட்டோ எடுத்துக் குடேன். எல்லாரும் நிக்கிற மாதிரி, லேத்தும் தெரியுற மாதிரி" என்றார். எங்க அப்பா என்கிட்ட எதையும் கேட்கிற ஆள் இல்லை. அதனால் இதை ஒரு பிராஜெக்ட் மாதிரி எடுத்துக்கொண்டேன். அதுதான் தப்பா போச்சு என்று சொல்ல வரலை. ஆனால் பிராஜெக்டில் நாம் வழக்கமாகப் பண்ணுகிற தப்பைத்தான் இதிலும் பண்ணினேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில், ஏன் வைட் ஆங்கிள், ஏன் ஃபாஸ்ட் லென்ஸ்? பட்டறை பதினாலு அடி அகலம். உள்ளே ஒரு லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர், மேலே தகரக் கூரை, ரெண்டு ட்யூப்லைட். பின்னால் நகர இடமில்லை, அதனால் அகலமாகப் பார்க்கிற லென்ஸ் வேண்டும். வெளிச்சம் கம்மி, அதனால் துவாரம் பெரிசாகத் திறக்கிற லென்ஸ் வேண்டும். ஃபிளாஷ் போடலாமே என்பீர்கள். கறுத்துப்போன தகரத்தில் பட்டு ஃபிளாஷ் திரும்பி வராது. ஓடுகிற லேத்தில் கை வைத்திருக்கிறவர் முகத்தில் நேராக ஃபிளாஷ் அடிக்கிற தைரியமும் எனக்கு இல்லை.

எஃப் எண் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: லென்ஸின் ஃபோகல் லெங்த்தை துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். எண் சின்னதானால் துவாரம் பெரிசு. உள்ளே வரும் வெளிச்சம் பரப்பளவைப் பொறுத்தது, அதனால் வர்க்கத்தில் ஏறும். எஃப்/2.8 லென்ஸைவிட எஃப்/1.4 லென்ஸ் நாலு மடங்கு வெளிச்சம் வாங்கும். கேமராவோடு வருகிற சாதாரண கிட் லென்ஸ் எஃப்/3.5 என்றால், அதைவிட ஆறு மடங்குக்கு மேல்.

இருக்கிற வெளிச்சத்திலேயே எடுக்கணும் என்ற ஆசை பழசு. நம்ம ஊரில் அதற்கு முதலில் நினைவுக்கு வருகிற பெயர் பாலு மகேந்திரா. இந்த ஆசையின் உச்சம் என்றால் ஸ்டான்லி குப்ரிக். 1975இல் வந்த 'பேரி லிண்டன்' படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காட்சிகள் எடுக்க, நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த 50 எம்.எம். எஃப்/0.7 லென்ஸைப் பயன்படுத்தினார். எஃப்/1.4ஐ விட அது இன்னும் நாலு மடங்கு. 50 எம்.எம். போதவில்லை, இன்னும் அகலமாக வேண்டும் என்று அதன்மேல் ஒரு அடாப்டரும் போட்டார்கள். ஃபோகஸ் ஆழம் அவ்வளவு குறைவு என்பதால் நடிகர்கள் அதிகம் அசையக்கூட முடியாது. வெளிச்சம் சும்மா கிடைக்காது, எதையாவது கொடுத்துத்தான் வாங்கணும். இதை அப்போதே நான் யோசித்திருக்கணும்.

கேமரா எங்க கிளப்போடது, 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம். லென்ஸ்தான் இல்லை. பூந்தமல்லியில் கல்யாண போட்டோ எடுக்கிற ஒரு அண்ணனிடம் ரெண்டு 24 எம்.எம். எஃப்/1.4 லென்ஸ் இருந்தது. ஒன்று பழசு, கையால் ஃபோகஸ் பண்ணுவது. இன்னொன்று புதுசு, விலை மூணு மடங்கு. "ரெண்டு ஞாயிறு முகூர்த்தம் இல்ல, டெஸ்ட் பண்ணிக்கோ. ஆனா ஷூட்டுக்கு ஒண்ணுதான் தருவேன், ஒண்ணு எனக்கு வேணும்" என்றார். பிராண்ட் பெயர் சொல்ல மாட்டேன். ஒரு லென்ஸ், ஒரு கேமராவை வைத்து ஒரு கம்பெனியை எடைபோடுவது நியாயமில்லை.

இங்கே இன்ஜினியரிங் பக்கம் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 24 எம்.எம். எஃப்/1.4 செய்வது ஏன் கஷ்டம்? டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடுகிறது. அதற்கு இடம் விட, லென்ஸ் மாட்டுகிற வளையம் சென்சாரிலிருந்து கேனான் ஈ.எஃப்.பில் 44 எம்.எம்., நிக்கான் எஃப்பில் 46.5 எம்.எம். தள்ளி இருக்கிறது. ஆனால் சாதாரண 24 எம்.எம். லென்ஸ் சென்சாரிலிருந்து ஏறக்குறைய 24 எம்.எம். தூரத்தில் உட்கார்ந்தால்தான் பிம்பம் விழும். அங்கே கண்ணாடி இடிக்கும். அதனால் முன்னால் விரிக்கிற லென்ஸ் தொகுதி, பின்னால் குவிக்கிற தொகுதி என்று போட்டு, பிம்பத்தைப் பின்னால் தள்ளுகிறார்கள். இதற்கு ரெட்ரோஃபோகஸ் என்று பெயர். பிரான்ஸின் பியர் ஆஞ்செனியூ 1950இல் 35 எம்.எம். எஃப்/2.5 லென்ஸை இந்தப் பெயரில்தான் விற்றார்.

ஒரு லென்ஸ் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருந்தால் கோமா, நிறப் பிசிறு, கோணல் மூன்றும் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ரெட்ரோஃபோகஸில் அந்தச் சமச்சீர் போச்சு. அந்தப் பிழைகளையெல்லாம் கூடுதல் கண்ணாடிகள் போட்டுத் திருத்தணும். துவாரத்தைப் பெரிசாக்க ஆக்க பிழைகள் இன்னும் வேகமாக ஏறும். எல்லாம் சேர்ந்து முதலில் தெரிவது படத்தின் மூலையில். இப்போ வருகிற மிரர்லெஸ் கேமராக்களில் அந்தத் தூரம் சோனியில் 18, கேனானில் 20, நிக்கானில் 16 எம்.எம். என்று குறைந்ததால் லென்ஸ் வடிவமைப்பவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. என் கையில் இருந்தது டி.எஸ்.எல்.ஆர்.

சரி, மாடிக்கு வருவோம். சுவரிலிருந்து 2 மீட்டரில் கேமரா. 24 எம்.எம்.முக்கு அங்கே 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் தெரியும். அகலத்தில் 6000 பிக்சல் இருப்பதால் ஒரு பிக்சலுக்கு அரை மில்லிமீட்டர். நாளிதழ் உள்தலைப்பில் ஒரு புள்ளி சுமார் ஒரு மில்லிமீட்டர், அதாவது ரெண்டு பிக்சல். கடையில் விற்கிற டெஸ்ட் சார்ட்டைவிட நல்ல சோதனை, நம்பலாம். நடுவில் ஒன்று, நாலு மூலையில் நாலு, நாலு ஓரத்தின் நடுவில் நாலு என்று ஒன்பது தாள் ஒட்டினேன். ஸ்க்ரீனில் நூறு சதவீதத்துக்குப் பெரிசாக்கி ஒவ்வொரு மூலையிலும் புள்ளியைத் தேடுவது என் வேலை.

முதல் ஞாயிறு வீண். வலது மூலை மட்டும் ரெண்டு லென்ஸிலும் மங்கலாக வந்தது. ராத்திரி யோசித்துத்தான் புரிந்தது, கேமரா சுவருக்கு நேராக இல்லை, லேசாகத் திரும்பி இருந்திருக்கிறது. நீங்களும் பண்ணப் போகிறீர்கள் என்றால், சுவரில் ஒரு சின்ன முகம் பார்க்கிற கண்ணாடியைத் தட்டையாக ஒட்டுங்கள். வியூஃபைண்டர் நடுவில் உங்கள் லென்ஸே தெரிந்தால் நேராக இருக்கிறது.

ரெண்டாவது ஞாயிறு கிடைத்தது இது. நடுவில், எஃப்/1.4இலேயே ரெண்டிலும் புள்ளி தெரிந்தது. புதுசில் கறுப்பாக, பழசில் சாம்பல் நிறத்தில், சுற்றி லேசான பனி மாதிரி. எஃப்/2.8 வந்ததும் நடுவில் ரெண்டுக்கும் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. மூலையில்தான் கதை. புதுசு எஃப்/2இலேயே மூலையில் புள்ளியைக் காட்டியது. பழசில் எஃப்/1.4இல் புள்ளி மட்டுமில்லை, எழுத்தே இழுபட்டுக் கிடந்தது. எஃப்/5.6 வரை போனால்தான் மூலையில் 'க்' 'க்'காக இருந்தது. எஃப்/16க்குப் போனால் ரெண்டும் நடுவில்கூட மங்கின. அது லென்ஸின் தப்பு இல்லை, டிஃப்ராக்‌ஷன். எஃப்/16இல் பச்சை ஒளி ஒரு புள்ளியாக விழாமல் ஏறக்குறைய 21 மைக்ரான் வட்டமாக விழும். என் கேமராவின் ஒரு பிக்சல் 6 மைக்ரான். ஆக ஒரு புள்ளி மூணரை பிக்சலுக்குப் பரவிவிடும். எந்த விலை லென்ஸ் ஆனாலும் இதுதான்.

ஷார்ப்னஸில் புதுசுதான் ஜெயித்தது, சந்தேகமே இல்லை. அப்படியே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் ரெண்டையும் எடுத்துக்கொண்டு பருத்திப்பட்டு ஏரிக்குப் போனேன். இருட்டினதும் தூரத்து விளக்குகளை எடுத்தேன். பழசில் மூலையில் இருந்த விளக்குகள் பறவை சிறகு விரித்த மாதிரி வந்தன. கோமா என்று செமினாரில் படித்தது இதுதான். ஆனால் பக்கத்தில் இருந்த கைப்பிடிக் கம்பியில் ஃபோகஸ் வைத்து, பின்னால் விளக்குகளை மங்கலாக விட்டபோது நிலைமை தலைகீழ். பழசில் ஒவ்வொரு விளக்கும் ஓரம் கரைகிற மெத்தென்ற வட்டமாக வந்தது. புதுசில் ஓரம் வெட்டினாற்போல், உள்ளே வெங்காயத்தை நறுக்கின மாதிரி வளையம் வளையமாக.

இதைத்தான் ரெண்டரிங் என்கிறார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. பழசில் கோளப் பிழையைக் கொஞ்சம் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். நடுவில் எழுத்தைச் சுற்றிப் பனி மாதிரி தெரிந்ததற்கும், பின்னால் விளக்கு கரைந்ததற்கும் காரணம் ஒன்றே. புதுசில் அதைத் திருத்த அச்சில் வார்த்த ஆஸ்ஃபெரிக்கல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அச்சின் மிக நுண்ணிய வரிகள்தான் வட்டத்துக்குள் வளையமாகத் தெரிகின்றன. கூர்மை வாங்கினால் கரைசல் போகும், கரைசல் வாங்கினால் கூர்மை போகும். ஓரளவுக்கு ரெண்டும் ஒரே பணப்பையிலிருந்துதான் வருது.

நான் பழசை எடுத்தேன். "மூலையில என்ன இருக்கப் போகுது? சுவர், ஒயர், எண்ணெய் டப்பா. மூலையைப் பெரிசாக்கிப் பார்க்கிறவன் போட்டோ எடுக்கிறவன் இல்ல" என்று அண்ணனிடம் பெரிய மனுஷன் மாதிரி பேசிவிட்டு வந்தேன். அவர் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மூணு மணிக்கு அம்பத்தூர் போனேன். முதல் ரெண்டு மணி நேரம் என் வாழ்க்கையிலேயே நல்லா போட்டோ எடுத்த நேரம். எஃப்/1.4, ஷட்டர் நொடியில் 250இல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 800. அப்பா கடைசி ஜாப் ஓட்டிக்கொண்டிருந்தார். சக்கிலிருந்து நீல நிறத்தில் சுருண்டு வருகிற இரும்புச் சுருள் மட்டும் கூர்மையாக, அவர் முகம் லேசாக, பின்னால் ட்யூப்லைட் மெழுகு மாதிரி உருகி. கேமரா ஸ்க்ரீனில் பார்த்தபோதே தெரிந்தது, இதை புதுசு லென்ஸ் இப்படிக் கொடுத்திருக்காது.

அஞ்சு மணிக்கு குரூப் போட்டோ. ஏழு பேர். நடுவில் ஓனர் சார், பக்கத்தில் சூப்பர்வைசர், அப்பா, இன்னொரு டர்னர், ஹெல்பர் பையன்கள் ரெண்டு பேர். வலது ஓரத்தில் அக்கா. ஃபைல் போட்டுப் பிசிறு எடுப்பது, எண்ணி பேக் பண்ணுவது அவங்க வேலை. பட்டறை திருமழிசைக்குப் போனால் அவங்க வரப் போவதில்லை. கொரட்டூரில் வீடு, ரெண்டு பஸ் மாறணும், சின்னப் பிள்ளைகள். ஆக அவங்களுக்கு அது கடைசி வாரம். இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். கேமராவில் எஃப்/1.4 அப்படியே இருந்தது. கணக்குப்படி 3 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து 3.8 மீட்டர் வரை தெளிவாக இருக்கும், ஒரே வரிசைதானே, போதும் என்று நினைத்தேன். எல்லாரும் ஃபிரேமுக்குள் வந்தால் சரி என்று நெருங்கி நின்று நாலு ஷாட் எடுத்தேன். முடிந்தது.

செவ்வாய்க்கிழமை ஏழு பிரிண்ட் போட்டு அப்பாவிடம் கொடுத்து அனுப்பினேன். ராத்திரி வந்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானே கேட்டேன். "நல்லாத்தான் இருக்குன்னாங்க" என்றார். அப்புறம், "அந்தப் பொண்ணுதான், 'ஏண்ணா, என் மூஞ்சி மட்டும் ஏன் இப்படி இருக்கு'ன்னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அதுவும் சிரிச்சுது. ஆனா பிரிண்டை எடுத்துட்டுப் போகல" என்றார்.

லேப்டாப்பில் அந்தப் படத்தைத் திறந்து, நான் கிண்டல் பண்ணின அந்த வேலையையே பண்ணினேன். மூலையைப் பெரிசாக்கினேன். அக்கா முகம் பக்கவாட்டில் உப்பி, கண் பக்கம் இழுபட்டு, ஈரத் துணியால் துடைத்த மாதிரி இருந்தது. ஓனர் சாரின் சட்டைப் பாக்கெட்டில் இருந்த பேனாவின் கிளிப் தெரிந்தது.

இதில் தப்பு ஒன்றில்லை, ரெண்டு. துடைத்த மாதிரி இருந்தது லென்ஸின் குணம், அது மாடியிலேயே எனக்குத் தெரியும். ஆனால் முகம் உப்பினது? என் நாளிதழ்ச் சோதனையில் மூலையில் இருந்த எழுத்து மங்கியது, அகலமாகவில்லையே?

இதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி ஆச்சு. விடை அசட்டுத்தனமாக எளிமையானது. நாளிதழ் தட்டை. தலை உருண்டை. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டுகிற வைட் லென்ஸ், சென்சாருக்கு இணையாக இருக்கிற தட்டையான பொருளை எந்த ஓரத்திலும் மாற்றாது. உருண்டையை ஓரத்தில் முட்டையாக்கும். எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். சென்சாரின் பாதி அகலம் 18 எம்.எம்., ஃபோகல் லெங்த் 24 எம்.எம். 18க்கு 24 என்றால் 3க்கு 4. நமக்கு எட்டாம் வகுப்பிலிருந்து தெரிந்த 3, 4, 5 முக்கோணம். உருண்டை நீளும் அளவு 5க்கு 4, அதாவது ஃபிரேமின் விளிம்பில் ஒரு தலை கால் பங்கு அகலமாகிவிடும். விலை மூணு மடங்கான புதுசு லென்ஸை எடுத்திருந்தாலும் இதேதான். அது அக்கா முகத்தை ரொம்பக் கூர்மையாக உப்ப வைத்திருக்கும், அவ்வளவுதான். ரெண்டு ஞாயிறு நான் அளந்தது லென்ஸை. எடுக்கப் போவது ஆட்களை என்பது அந்தச் சுவரில் எங்கேயும் இல்லை.

அடுத்த நாள் ஓனர் சார் அப்பாவிடம் ஒரு வழி சொல்லி அனுப்பினார். "வலது ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிடச் சொல்லுங்க, படம் பளிச்சுனு ஆயிடும்." டெக்னிக்கலாகப் பார்த்தால் சரியான யோசனை. ரெண்டு கிளிக் வேலை. நிஜத்தைச் சொல்லணும்னா, ஒரு அஞ்சு நிமிஷம் நானும் யோசித்தேன்.

அப்பாவிடம் லென்ஸ், மூலை, கோமா எல்லாம் விளக்கினேன். அவருக்குப் பாதி புரியலை, ஆனால் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் பையிலிருந்து ஒரு ஷாஃப்ட் டிராயிங்கை எடுத்துக் காட்டினார். "இங்க பாரு. பேரிங் உக்கார்ற இடத்துல பத்து மைக்ரான்குள்ள இருக்கணும். மத்த இடம் அரை மில்லி அப்படி இப்படி இருந்தாலும் பரவால்ல. எல்லா இடத்துலயும் பத்து மைக்ரான் கேட்டா ஜாப் முடியாது. எங்கயும் கேக்கலன்னா ஷாஃப்ட் ஓடாது. எந்த இடம்னு முதல்ல டிராயிங் சொல்லணும்." டிராயிங்கை மடித்து உள்ளே வைத்துவிட்டு, "உன் போட்டோவுல பேரிங் உக்கார்ற இடம் எது?" என்று கேட்டார்.

ஏழு இடம் இருந்தது. நான் ஆறை மட்டும் குறித்திருந்தேன்.

திரும்ப எடுக்கலாம் என்று சனிக்கிழமை வரச் சொன்னார்கள். ஆனால் வியாழக்கிழமையே செயின் பிளாக் போட்டு லேத்தைத் தூக்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். நான் போனபோது தரையில் நாலு ஃபவுண்டேஷன் போல்ட்டும் லேத்தின் வடிவத்தில் ஒரு எண்ணெய்க் கறையும்தான் இருந்தது. அப்பா கேட்டது 'எல்லாரும் நிக்கிற மாதிரி, லேத்தும் தெரியுற மாதிரி' ஒரு படம். அது இனி எடுக்க முடியாது. இதை நான் எந்தச் சாஃப்ட்வேரிலும் சரி பண்ண முடியாது.

இந்தத் தடவையும் அதே பழைய லென்ஸ்தான், அண்ணன் புதுசை முகூர்த்தத்துக்கு எடுத்துப் போயிருந்தார். கடையின் ரோலிங் ஷட்டரை முழுசாகத் தூக்கி, ட்ரைபாடைத் தெருவில் வைத்தேன். ஆட்களிலிருந்து 5 மீட்டர். இப்போ ஏழு பேரும் ஃபிரேமின் நடுப் பாதிக்குள் வந்துவிட்டார்கள். அந்தக் கோணத்தில் ஓரத்து முகம் ஆறேழு சதவீதம்தான் அகலமாகும், யார் கண்ணுக்கும் தெரியாது. எஃப்/5.6. முதல் நாள் அளவிலிருந்து நாலு ஸ்டாப் வெளிச்சம் போச்சு. அதில் ரெண்டு ஸ்டாப்பை ஷட்டரில் வாங்கினேன், 250இல் ஒரு பங்கிலிருந்து 60இல் ஒரு பங்கு, சும்மா நிற்கிறவர்களுக்குப் போதும். மீதி ரெண்டை ஐ.எஸ்.ஓ.வில், 800இலிருந்து 3200. சுற்றி இருக்கிற பாதிப் படத்தை வெட்டி எறிந்தால் மிச்சம் 3000 பிக்சல் அகலம். 12 அங்குலப் பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 250. கையில் பிடித்துப் பார்க்கிற படத்துக்கு அது தாராளம். எஃப்/1.4 லென்ஸை எஃப்/5.6இல் போட்டு, பாதியை வெட்டி, கிரெயினோடு ஒரு படம். நான் ரெண்டு ஞாயிறு சோதித்த எந்த எண்ணும் இதில் முக்கியமாகவில்லை. தேவைப்பட்ட கணக்கு மூணும் பட்டறையின் நீளத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் பார்த்து முன்னாலேயே போட்டிருக்கக் கூடியது.

வரிசை நின்றபோது அக்கா தானாகவே வலது ஓரத்துக்குத்தான் போனாங்க. "நடுவுல வாங்கக்கா" என்று கூப்பிடலாமா என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. அவங்க எங்கே நின்றாலும் சரியாக வரணும், அதுதானே என் வேலை.

பிரிண்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா ரொம்ப நேரம் பார்த்தாங்க. "லேத்து இல்லாம வெறிச்சுனு இருக்குல்ல" என்றாங்க. அப்புறம் பையில் இருந்த டிபன் பாக்ஸை வெளியே எடுத்துவிட்டு, படம் மடங்காமல் இருக்க நேராக உள்ளே வைத்தாங்க.

லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அண்ணன் கேட்டார், "என்னடா, ரெண்டுல எது பெஸ்ட்?" இரும்புச் சுருள் படத்தைக் காட்டி, "இதுக்குப் பழசு" என்றேன். குரூப் போட்டோவைக் காட்டி, "இதுக்கு உங்க பழைய கிட் லென்ஸே போதும்" என்றேன். ரெண்டு படமும் இப்போ எங்க வீட்டு ஹாலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. ஒன்றில் லேத் இருக்கு, இன்னொன்றில் ஆட்கள் இருக்காங்க.

இந்த மாசம் ஒவ்வொரு டிபார்ட்மெண்டிலும் ஃபேர்வெல் குரூப் போட்டோ எடுக்கப் போறீங்க. கிளப்பில் இப்போதே "எந்த லென்ஸ் மச்சி" பேச்சு ஆரம்பித்தாச்சு. பேசுங்க, டெஸ்ட் பண்ணுங்க, என் ஒன்பது நாளிதழ் தாளும் கிளப் ரூமில்தான் இருக்கு, எடுத்துக்கோங்க. ஆனால் லென்ஸ் முடிவு பண்ணும் முன்னால் ஒரு தடவை போய் அந்தப் படிக்கட்டில் நின்று பாருங்க: எத்தனை பேர், எவ்வளவு பின்னால் போகலாம், கடைசி வரிசை ஓரத்தில் யார் நிக்கப் போறாங்க.